முசுக்கட்டைச் சிமிழும் ஒரு மாணவியின் கேள்வியும்



என் மேசையின் மேல் ஒரு சிறிய மரச்சிமிழ் உள்ளது. உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் அதனைச் சுற்றி மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் அளவு. ஜப்பானுக்குச் சென்று திரும்பிய ஆசிரியத் தோழி ஒருவர் அதனை எனக்கு அன்பளிப்பாக வழங்கினார். வந்த நாளில் வெளிர்மஞ்சளாக இருந்த அச்சிமிழ், சன்னலோர வெளிச்சத்தில் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழுத்து இன்று தேன் நிறமாகிவிட்டது. அது முசுக்கட்டை மரத்தில் கடைந்தது. நம் பிள்ளைகளுக்கு 'மல்பெரி' என்றால்தான் விளங்கும். பட்டுப்புழு தின்னும் இலைக்குரிய மரம்.

இச்சிமிழை ஒரு நாள் என் ஆண்டு ஐந்து வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன். அன்று நான் செய்த ஒரு பிழையையும், அப்பிழையை ஒரு மாணவி திருத்தியதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்தவற்றையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

வகுப்பறையில் எழுந்த கேள்வி

சிமிழ் கைமாறிக் கைமாறி வகுப்பைச் சுற்றி வந்தது. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகப் பிள்ளைகள் மகிழ்ந்தனர். "இதை யார் டீச்சர் முதன்முதலில் கண்டுபிடித்தார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். எங்கோ படித்திருந்த கதையொன்று என் நினைவில் இருந்தது. சற்றும் தயங்காமல் அதனைச் சொன்னேன்.

"ஜப்பானில் கொரெதகா என்று ஓர் இளவரசர் இருந்தார். மூத்த மகனாகப் பிறந்தும் அவருக்கு அரியணை கிட்டவில்லை. மனம் வெறுத்துத் துறவு பூண்டு மலைக்காட்டுக்குச் சென்றார். அங்கே ஒரு நாள் சுருள் வடிவிலான சமய நூலைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தபோது, கயிற்றை இழுத்தால் அதன் தண்டு சுழல்வதைக் கண்டார். அதிலிருந்து மரம் கடையும் பொறியை உருவாக்கி மலைவாழ் மக்களுக்குக் கற்றுக் கொடுத்தார்."

கதை அழகாக இருந்தது. பிள்ளைகளும் வாய் பிளந்து கேட்டனர். நானும் மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலையில் ஒரு மாணவி என் மேசையருகே வந்து நின்றாள். எங்கள் வகுப்புச் சுவரில் அச்சுக்கலையின் வரலாற்றைக் காட்டும் காலக்கோடு ஒன்றைச் சில வாரங்களுக்கு முன் ஒட்டியிருந்தோம். அதனைச் சுட்டிக்காட்டி, "டீச்சர், அந்த இளவரசர் எந்த ஆண்டு பிறந்தார்?" என்றாள். குறிப்பைப் பார்த்து, "844" என்றேன்.

"ஆனால், ஜப்பானில் 764 முதல் 770 வரைக்கும் கடைந்த மரக்கோபுரம் செய்து அதற்குள் அச்சடித்த தாளை வைத்தார்கள் என்று நாம் இங்கே எழுதியிருக்கிறோமே. அவர் பிறப்பதற்கு 74 ஆண்டுகளுக்கு முன்பே கடைசல் இருந்திருக்கிறதே, டீச்சர்!"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் காலக்கோட்டை எழுதச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். இரண்டு செய்திகளும் என்னிடமே இருந்தன. ஆனால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பத்தே வயதுடைய பிள்ளைக்குத் தோன்றியது. "நீ சொல்வது சரி. நான் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கூறி அனுப்பினேன்.

'கடைதல்' என்ற நம் சொல்

தேடலை நம் மொழியிலிருந்தே தொடங்கினேன். தயிரைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். தீக்கடைகோலைக் கொண்டு நெருப்பும் கடைந்தனர் நம் முன்னோர். இம்மூன்றிற்கும் ஏன் ஒரே சொல்?

மத்தில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுத்துத் தயிர் கடைவதை நம் பாட்டிமார் செய்து பார்த்திருப்போம். மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும். பழங்காலக் கடைசல் பொறியும் இவ்வாறே இயங்கியது. படுக்கை வாக்கில் ஒரு தண்டு. அதில் சுற்றிய கயிறு அல்லது தோல்வார். ஒருவர் அதனை மாறி மாறி இழுப்பார். மற்றவர் சுழலும் மரத்தின்மேல் உளியைப் பிடிப்பார். மத்தை நிமிர்த்தி வைத்தால் தயிர். படுக்க வைத்தால் மரம். செயல் ஒன்றாதலின் சொல்லும் ஒன்றாயிற்று. நம் வீடுகளில் சிறுமியர் விளையாடிய மரச்செப்புச் சாமான்களும் கடைசல் பட்டறையில் பிறந்தவைதாம்.

இப்பொறியின் மிகப் பழைய ஓவியச் சான்று எகிப்தில் உள்ளது. பெட்டோசிரிஸ் என்னும் தலைமைக் குருவின் கல்லறைச் சுவரில், கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த புடைப்புச் சிற்பத்தில், இருவர் கடைசல் வேலை செய்யும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. ஒருவர் வாரை இழுக்கிறார். மற்றவர் உளி பிடிக்கிறார். கொரெதகா இளவரசர் பிறப்பதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முந்திய சான்று இது. ஆக, கடைசல் பொறியை உலகில் முதன்முதலாகக் கண்டவர் அவர் அல்லர் என்பது தெளிவு. ஜப்பானிலாவது அவர்தாம் முதல்வரா? அதற்கும் விடை என் வகுப்புச் சுவரிலேயே இருந்தது.

பத்து இலட்சம் மரக்கோபுரங்கள்

கி.பி. 764-ஆம் ஆண்டு. ஜப்பானின் தலைநகரம் அப்போது நாரா. அரசவையில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த ஃபுஜிவாரா நோ நகமரோ என்பவர் கிளர்ச்சியில் இறங்கித் தோற்று உயிரிழந்தார். அதற்கு முன்பே ஒரு முறை கோகென் என்னும் பெயரில் ஆட்சி செய்து பதவி விலகியிருந்த பேரரசியார், அவ்வாண்டில் ஷோடோக்கு என்னும் பெயரோடு மீண்டும் அரியணை ஏறினார். நாட்டில் அமைதி நிலவவும், சிந்திய குருதிக்குக் கழுவாயாகவும் அவர் ஒரு வேண்டுதல் செய்துகொண்டார்: பத்து இலட்சம், அதாவது ஒரு மில்லியன், சிறிய மூன்றடுக்குக் கோபுரங்களைச் செய்து, ஒவ்வொன்றினுள்ளும் புத்த சமய மந்திரமாகிய தாரணி அச்சிடப்பட்ட தாள் ஒன்றை வைப்பது.

அவ்வேலை 770-ஆம் ஆண்டில் நிறைவுற்றதாக 'ஷொகு நிஹொங்கி' என்னும் அரசவை வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. கோபுரங்கள் பத்துக் கோயில்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. வேலையில் ஈடுபட்ட அலுவலர் முதல் பணியாளர் வரை 157 பேருக்குப் பதவிச் சிறப்பு வழங்கப்பட்டதாகவும் அந்நூல் கூறுகிறது.

இக்கோபுரங்கள் ஒவ்வொன்றும் கடைந்து செய்யப்பட்டவை. உச்சிக் கலசத்தோடு சேர்த்து ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் உயரம். உடற்பகுதி ஹினோக்கி என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. அதன் மேற்புறத்தில் நடுவே துளையிட்டு ஒரு சிறு குழிவு அமைத்தனர். சுருட்டிய தாளை அதனுள் இறக்கி, தனியே கடைந்த உச்சிக் கலசத்தை அடைப்பான்போல் செருகினர். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கோபுரம். உள்ளே அது ஒரு சிமிழ். பத்தாயிரத்துக்கு ஒன்று ஏழு அடுக்காகவும், இலட்சத்துக்கு ஒன்று பதின்மூன்று அடுக்காகவும் செய்யப்பட்டதாகச் சொல்வர். அத்தகைய பெரிய கோபுரங்களும் ஹோர்யூஜி கோயிலில் காப்பாற்றப்பட்டுள்ளன.

கணக்குப் பாடத்திற்கு இங்கே ஒரு நல்ல வினா உண்டு. ஆறு ஆண்டுகளில் பத்து இலட்சம் என்றால், விடுமுறையே இன்றி வேலை செய்தாலும் நாளொன்றுக்கு 450-க்கும் மேற்பட்ட கோபுரங்கள் முடிந்திருக்க வேண்டும். புதிதாகக் கற்றுக்கொண்டவர்களால் அது இயலுமா? நாராவில் அன்றே தேர்ந்த கடைசற்காரர்கள் பெருந்தொகையினராக இருந்திருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

பத்துக் கோயில்களில் ஒன்பதில் இருந்தவை காலப்போக்கில் அழிந்தன. ஹோர்யூஜி ஒன்றில் மட்டும் 45,000-க்கும் மேற்பட்டவை எஞ்சின. அவற்றின் அடிப்பாகத்தில், கடைசல் பொறியின் முட்கள் மரத்தைப் பற்றியிருந்த தடம் இன்றும் காணப்படுகிறது. பலவற்றில் கருமையால் எழுதிய குறிப்புகளும் உள்ளன. அவை நாளையும், செய்தவரின் பெயரையும் தெரிவிக்கின்றன.

இவ்விடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். பேரரசியாரின் பெயரை வரலாறு சொல்லும், அதில் வியப்பில்லை. ஆனால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் மரத்தூளுக்கு நடுவே அமர்ந்திருந்த தொழிலாளி, தான் கடைந்த பொருளின் அடியில் எழுதிய பெயர் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. அச்சுக்கலை வரலாற்றில் உள்ளே இருந்த தாளுக்குத்தான் புகழ் மிகுதி. காலம் உறுதியாகத் தெரிந்த, உலகின் மிகப் பழைய அச்சுப் பிரதிகளுள் அவை இடம்பெறுகின்றன. நானும் என் காலக்கோட்டில் தாளைப் பற்றித்தான் பெரிதாக எழுதியிருந்தேன். அத்தாளைக் காத்த மரத்தை என் மாணவிதான் கவனித்தாள்.

முசுக்கட்டை: பட்டு, தாள், மருந்து

இனி என் சிமிழின் மரத்திற்கு வருவோம். முசுக்கட்டை நமக்கு அந்நியமான மரமன்று. தாவரவியலார் அதனை வைக்கும் குடும்பத்தில்தான் ஆல், அரசு, அத்தி, பலா ஆகியவையும் உள்ளன. பலாமரத்தில் வீணையும் மிருதங்கமும் செய்வதை நாம் அறிவோம். பலாவைப் போலவே முசுக்கட்டையின் வைரமும் மஞ்சள் நிறத்தது. ஒளி பட்டுப் பழுப்பேறுவது. ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். உறுதியும் இழுவையும் மிக்கது. இதன் உறவினமாகிய காகித முசுக்கட்டையின் பட்டையிலிருந்துதான் ஜப்பானியரின் புகழ்பெற்ற கைத்தாள் செய்யப்படுகிறது. இலை பட்டாகிறது, உறவுமரத்தின் பட்டை தாளாகிறது, கட்டை கலமாகிறது.

நாராவில் ஷோசோயின் என்னும் பழம்பெரும் கருவூலம் ஒன்று உள்ளது. ஷோடோக்கு பேரரசியாரின் தாயார் கோம்யோ, தம் கணவராகிய பேரரசர் ஷோமு மறைந்த 756-ஆம் ஆண்டில் அவருடைய உடைமைகளைத் தோதாய்ஜி கோயிலுக்குக் காணிக்கையாக்கியதிலிருந்து தோன்றியது அது. அக்கருவூலத்தில் முசுக்கட்டை மரத்தால் ஆன 'கோ' ஆட்டப் பலகையும், நரம்பிசைக் கருவியொன்றும் காப்பாற்றப்பட்டு வருகின்றன. இம்மரத்தின் அருமையை ஜப்பானியர் அத்துணைக் காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

பிற்காலத்தில் இம்மரத்திற்கு மருத்துவப் பெருமையும் சேர்ந்தது. சீனாவில் பயின்று 1191-இல் நாடு திரும்பிய எய்சாய் என்னும் ஜென் துறவி, 1211-இல் 'கிஸ்ஸா யோஜோகி' என்னும் நூலை எழுதினார். தேநீர் அருந்தி நலம் பேணுதல் என்பது அத்தலைப்பின் பொருள். ஜப்பானில் தேநீரைப் பற்றி எழுந்த முதல் நூல் என்று அதனைப் போற்றுவர். ஆனால் அதன் இரண்டு பாகங்களுள் முதலாவதே தேயிலையைப் பற்றியது. இரண்டாவது முசுக்கட்டையைப் பற்றியது! முசுக்கட்டைக் கஞ்சி, முசுக்கட்டைக் கஷாயம், முசுக்கட்டை மரத்தலையணை என்று பலவற்றை அவர் பரிந்துரைக்கிறார். 1214-இல் ஆட்சித்தலைவர் மினமொதோ நோ சனெதொமோ மதுமயக்கத்தால் வருந்தியபோது, எய்சாய் ஒரு கிண்ணம் தேநீரோடு நூலொன்றையும் அளித்ததாக அக்கால வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. அவருடைய மருத்துவக் கருத்துகள் அனைத்தையும் இன்றைய அறிவியல் ஏற்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் ஒரு நூலுக்குள் தேநீரும் முசுக்கட்டையும் இணைந்து நிற்பது சிந்தைக்கு இனியது. ஏனெனில், என் மேசையின் மேலுள்ள சிமிழ் தேயிலைத்தூள் வைக்கும் சிமிழே.

அத்தகைய சிமிழுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'நத்சுமே'. அப்பெயர் நம் இலந்தையின் இனத்தைச் சேர்ந்த ஒரு பழத்தைக் குறிக்கும். இலந்தைப்பழத்தின் உருண்டை வடிவத்தை ஒத்திருப்பதால் அப்பெயர். பெரும்பாலானவை மெல்லிய மரத்தின்மேல் கருநிற அரக்குப் பூசப்பட்டவை. மரத்தின் ரேகையழகே போதுமென்று பூச்சின்றி விடப்படுவனவும் உண்டு. முசுக்கட்டை அதற்கு ஏற்ற மரங்களுள் ஒன்று.

ஒரு சிமிழ் உருவாகும் முறை

இப்படிப்பட்ட சிமிழைக் கடைவதற்கு எத்துணைப் பொறுமை தேவை என்பதைப் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

முதலில் கட்டையைத் துண்டாக்கி, தேவைக்கு மேல் தடிப்பு விட்டுப் பருமட்டாகக் கடைவர். பின்னர் அதனைத் தொடாமல் பல மாதங்கள் உலர விடுவர். ஈரம் வெளியேறும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வட்டமாக இருந்தது முட்டை வடிவாகும். சில கட்டைகள் வெடித்தும் போகும். அவசரப்பட்டு உலராத மரத்தில் இறுதி வேலையைச் செய்தால், இன்று பொருந்தும் மூடி அடுத்த மாதம் பொருந்தாது. மரம் தன் கோணலையெல்லாம் முதலிலேயே காட்டி முடிக்கட்டும் என்று காத்திருப்பதே இத்தொழிலின் முதற்பாடம்.

உலர்ந்தபின் மீண்டும் பொறியில் ஏற்றி வெளிப்புறத்தைச் சீராக்குவர். அதன்பின் உட்புறம். இதுவே கடினமான பகுதி. வாய் குறுகியது, வயிறு அகன்றது. உளியின் முனை உள்ளே என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. வளைந்த முனையுடைய உளியை வாயின் வழியே செலுத்தி, கைக்கு எட்டும் அதிர்வையும் காதுக்கு எட்டும் ஒலியையும் கொண்டே சுவரின் தடிப்பை உணர வேண்டும். ஒரு நொடி தவறினால் சுவர் துளைபட்டுவிடும். மாதக்கணக்கான காத்திருப்பு வீணாகும். ஜப்பானியக் கடைசற்காரர்கள் தம் உளிகளைத் தாமே உலையில் காய்ச்சி அடித்துக்கொள்வது வழக்கம். கடையில் வாங்கிய உளி தம் கைக்கும் தம் வேலைக்கும் இசையாது என்பது அவர்கள் எண்ணம்.

மூடியையும் உடலையும் ஒரே கட்டையிலிருந்து எடுத்தால், மூடியபின் மரத்தின் ரேகை மேலிருந்து கீழாக அறுபடாமல் ஓடும். என் மாணவர்கள் மூடியைத் திருகித் திருகி, ரேகை சேரும் இடத்தைக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டனர். மூடியை மேலே வைத்துக் கையை எடுத்தால், உள்ளிருக்கும் காற்று மெல்ல வெளியேற, மூடி தானே மெதுவாக இறங்கி அமர்கிறது. வகுப்பே அமைதியாகி அதனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இளவரசர் கதை ஏன் பிறந்தது?

அப்படியாயின், இளவரசர் கதை வெறும் பொய்யா? இவ்வினாவே என்னை மிகுதியும் அலைக்கழித்தது.

கொரெதகா இளவரசர் கற்பனை மாந்தர் அல்லர். அவர் 844-இல் பிறந்து 897-இல் மறைந்தவர்; பேரரசர் மொன்தொகுவின் முதல் மகன். ஆனால் 850-இல் பிறந்த இளைய தம்பியின் தாய், அதிகாரம் மிக்க ஃபுஜிவாரா குடும்பத்தவர். அதனால் கைக்குழந்தையாக இருந்த தம்பியே பட்டத்து இளவரசராக்கப்பட்டு, 858-இல் செய்வா என்னும் பெயரில் அரியணை ஏறினார். கொரெதகா 872-இல் துறவு பூண்டு, ஹியேய் மலையடிவாரத்தில் ஓனோ என்னுமிடத்தில் வாழ்ந்தார். இதுவரை வரலாறு.

அவர் இன்றைய ஷிகா மாநிலத்தின் ஒகுரா பள்ளத்தாக்கிற்குச் சென்று மக்களுக்குக் கடைசல் கற்பித்தார் என்பது கதை. அக்கதையைக் காத்து வளர்த்தவர்கள் 'கிஜிஷி' எனப்படும் மரங்கடையும் மக்கள். அவர்களுக்கு நிலமில்லை. நல்ல மரம் இருக்கும் மலையில் குடிசை கட்டிக் கிண்ணமும் தட்டும் கடைவார்கள். மரம் தீர்ந்ததும் அடுத்த மலைக்குப் பெயர்வார்கள். கணவன் உளி பிடிப்பார். பெரும்பாலும் மனைவியே கயிற்றை இழுப்பார். இருவர் மூச்சும் ஒத்துப்போனால்தான் கிண்ணம் வட்டமாக வரும்.

இத்தகையோரை ஊரார் ஐயத்தோடு நோக்கினர். 'யார் நீங்கள்? எங்கள் மலையில் மரம் வெட்ட யார் உரிமை கொடுத்தது?' என்ற கேள்வி எங்கு சென்றாலும் எழுந்தது. அதற்கு விடையாக அவர்கள் ஒரு தாளை எடுத்துக் காட்டினர். கொரெதகா இளவரசரின் வழியில் தொழில் பெற்றவர்கள் தாங்கள் என்றும், நாட்டின் எம்மலையிலும் மரம் வெட்டத் தங்களுக்கு அரச அனுமதி உண்டு என்றும் அத்தாள் கூறியது. பத்தாம் நூற்றாண்டுப் பேரரசர் ஒருவரின் பெயரால் அமைந்த அத்தகைய ஆவணங்கள் பிற்காலத்தில் புனையப்பட்டவை என்பது ஆய்வாளர் முடிபு.

ஒகுரா பகுதியின் இரண்டு சிற்றூர்களில் இருந்த கோயில்கள் இவ்வமைப்பின் தலைமையிடங்களாக விளங்கின. அவற்றின் சார்பாளர்கள் நாடெங்கும் நடந்து சென்று, மலைகளில் சிதறியிருந்த கிஜிஷிகளைத் தேடிக் காணிக்கை பெற்று, பெயர்களைப் பதிவேட்டில் எழுதினர். 1647-இல் தொடங்கும் அப்பதிவேடுகள் 1893 வரை நீள்கின்றன. ஏறத்தாழ இருநூற்று ஐம்பது ஆண்டுகள் நிலமற்ற தொழிலாளர்களின் பெயர்கள் இவ்வாறு எழுதி வைக்கப்பட்டன.

ஜப்பானிய நாட்டார் வழக்காற்றியலின் முன்னோடியாகிய யனகிடா குனியோ (1875–1962) இக்கதைகளை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். நடந்ததா என்பதோடு நில்லாமல், ஒரு மரபுக்கதையையே சான்றாகக் கொண்டு அதனைச் சுமந்து திரிந்த மக்களின் வாழ்வை அறிய முடியும் என்பது இத்தகைய ஆய்வுகள் நமக்குக் கற்பிக்கும் பாடம். கொரெதகா கதை கடைசல் பொறியின் தோற்றத்தைப் பற்றி நமக்கு உண்மை சொல்லவில்லை. ஆனால் நிலமும் அதிகாரமும் இல்லாத ஒரு கூட்டம், வாழ்வதற்கு எத்தகைய பாதுகாப்பைத் தேடியது என்பதை அது நன்றாகவே சொல்கிறது. அரியணை இழந்த இளவரசரை அவர்கள் தங்கள் தலைவராகத் தேர்ந்ததிலும் பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உரிமை மறுக்கப்பட்டவரின் துயரம் அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

தாள் செல்லாமற்போன காலம்

மெய்ஜி அரசு 1873-இல் தொடங்கிய நிலவரிச் சீர்திருத்தத்தின்போது, மலைக்காடுகள் அரசுக்குரியவை, தனியாருக்குரியவை என்று வரையறுக்கப்பட்டன. இளவரசரின் பெயரைச் சொல்லி எம்மலையிலும் மரம் வெட்டலாம் என்ற வழக்கம் முடிவுக்கு வந்தது. அலைந்து திரிந்தோர் ஓரிடத்தில் நிலைகொண்டனர். பலர் உழவராயினர், சிலர் தொழிலைத் தொடர்ந்தனர். வடகிழக்குப் பகுதியின் வெந்நீர் ஊற்று ஊர்களில் இருந்தோர், அங்கு நீராட வருவோருக்கென 'கொகேஷி' என்னும் கைகாலற்ற மரப்பொம்மைகளை முன்பே கடையத் தொடங்கியிருந்தனர். காலால் மிதித்து ஒருவரே இயக்கும் பொறியும் அக்காலத்தில் பரவியது. கயிறு இழுத்த மனைவியின் இடம் மிதிகட்டைக்குப் போயிற்று.

தொழில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இஷிகாவா மாநிலத்தின் யமனகா இன்றும் மரங்கடைதலுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூரைச் சேர்ந்த கவகிதா ரியோஸோ என்னும் கடைசற்கலைஞரை 1994-இல் ஜப்பானிய அரசு தன் உயரிய கலைமரபுக் காப்பாளருள் ஒருவராக அறிவித்தது. இத்தகையோரை அந்நாட்டு மக்கள் 'வாழும் தேசியச் செல்வம்' என்று அழைப்பர். ஒரு காலத்தில் 'யார் நீங்கள்?' என்று ஐயத்தோடு கேட்கப்பட்ட தொழிலுக்கு நாடே தந்த மறுமொழி அது.

மீண்டும் வகுப்பறைக்கு

இவற்றையெல்லாம் படித்து முடிக்க எனக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் பிடித்தது. அடுத்த வரலாற்றுப் பாடத்தில் வகுப்பின்முன் நின்று, "அன்று நான் சொன்னது பிழை. உங்கள் தோழி அதனைக் கண்டுபிடித்தாள்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. ஆசிரியர் பிழையை ஒப்புக்கொண்டால் மாணவரிடத்தில் மதிப்புக் குறையும் என்ற அச்சம் பயிற்சிக்காலத்தில் எனக்கும் இருந்தது. அன்றைக்குப் பிறகு அவ்வச்சம் அகன்றது. அவ்வாரம் வழக்கத்திற்கு மாறாக அதிகமான கைகள் உயர்ந்தன.

பின்னர் வெண்பலகையை மூன்றாகப் பிரித்தோம். முதற்பத்தியில் 'சான்று', இரண்டாவதில் 'கதை', மூன்றாவதில் 'கதை ஏன் தேவைப்பட்டது?'. கோபுரத்தின் அடியிலுள்ள முள்தடம் முதற்பத்திக்குச் சென்றது. சுருள்நூலும் இளவரசரும் இரண்டாவதற்குச் சென்றனர். மூன்றாவது பத்தியை நிரப்பும்போதுதான் வகுப்பு சூடுபிடித்தது. "அவர்களுக்கு மலையில் இருக்க பெர்மிட் வேண்டும், டீச்சர்" என்றான் ஒரு மாணவன். நான் பக்கம் பக்கமாகப் படித்து அறிந்ததை அவன் ஒரே சொல்லில் சொல்லிவிட்டான்.

ஆசிரிய நண்பர்களே, நம் பாடங்களிலும் விழாக்களிலும் இத்தகைய கதைகள் பல உண்டு. எல்லாவற்றையும் பொய்யென்று தள்ளவும் வேண்டா. எல்லாவற்றையும் வரலாறென்று மனனம் செய்விக்கவும் வேண்டா. இரண்டையும் அருகருகே வைத்து ஆண்டுகளை ஒப்பிடப் பிள்ளைகளைப் பழக்கினால் போதும். காலக்கோடு சுவரின் அழகுக்காக மட்டும் ஒட்டப்படுவதன்று என்பதை எனக்கு ஒரு மாணவி கற்பித்தாள்.

பெற்றோர்களே, நாராவின் தொழிலாளி தன் பெயரைக் கோபுரத்தின் அடியில் எழுதி வைத்தார். கிஜிஷிகளின் பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. இந்நாட்டின் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டியின் பெயர்களையும், அவர்கள் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தனர் என்பதையும் நம் பிள்ளைகள் எங்காவது எழுதி வைத்திருக்கின்றனரா? வரும் பள்ளி விடுமுறையில், வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆண்டுகளையும் தவறாமல் குறிக்கச் சொல்லுங்கள்.

அச்சிமிழில் இப்போது தேயிலைத்தூள் இல்லை. மாணவர்கள் தங்களுக்குத் தோன்றும் கேள்விகளைச் சிறு தாள்களில் எழுதி, சுருட்டி அதனுள் போட்டு வைக்கின்றனர். வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றை எடுத்து வாசிக்கிறோம். விடை தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் தேடிச் சொல்கிறேன் என்கிறேன்.